நக்கலோடு ஒரு கணக்கு

காலை வணக்கக் கூட்டத்தில் மாணவர்கள் வாசிக்கும் செய்திகள் ஒரு வகை. கூட்டம் முடிந்து வரிசையாக வகுப்புக்குத் திரும்பும்போது அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் செய்திகள் வேறு வகை. புதிதாக வந்திருக்கும் போன், அதன் கேமரா, சில நிமிடங்களில் சார்ஜ் ஏறிவிடும் பேட்டரி, மடித்துப் பையில் போடும் திரை, 299 ரூபாய்க்கு 2 டெராபைட் பென்டிரைவ். பாடத்தில் வாயே திறக்காத மாணவன்கூட இந்தப் பேச்சில் கலந்துகொள்கிறான். பேச்சில் பாதி ஆசை, மீதி நக்கல். "அந்த கேமராவுல எடுத்தா மட்டும் நீ அழகாயிடுவியாடா?" என்பான் ஒருவன். "299 ரூபாய்க்கு உள்ள மெமரி இருக்காது, மூடி மட்டும்தான் இருக்கும்" என்பான் இன்னொருவன்.

இந்தப் பேச்சை அதட்டி நிறுத்துவதுதான் நம் வழக்கம். நான் இரண்டு ஆண்டுகளாக அதைப் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடவேளைக்குள் அழைத்து வருகிறேன். ஒரு விளம்பரத்தைப் பார்த்துச் சிரிக்கிற பிள்ளைக்கு அதில் ஏதோ இடிக்கிறது என்று தோன்றிவிட்டது. எது இடிக்கிறது என்று சொல்லத்தான் தெரியவில்லை. அதைச் சொல்ல ஓர் எண் வேண்டும். அந்த எண்ணைக் கண்டுபிடிக்கும் வழி மின்னோட்டவியல் பாடத்திலேயே இருக்கிறது.

முதலில் ஒரு பழைய செய்தியை எடுத்துக்கொண்டேன். ஆண்டைச் சொல்லாமல் கரும்பலகையில் எழுதினேன்: "4 அங்குலத் திரை, 1 ஜிபி ரேம், 8 ஜிபி சேமிப்பு, 1450 எம்ஏஎச் பேட்டரி கொண்ட ஸ்மார்ட்போன். விலை 251 ரூபாய். அனுப்பும் செலவு 40 ரூபாய்." வகுப்பு ஒரு நொடி அமைதியாக இருந்தது. பிறகு வெடித்தது. "டீச்சர், அந்தக் காசுக்கு டெம்பர் கிளாஸும் பின்பக்கக் கவரும்தான் கிடைக்கும்!"

"சரி, இதையே கணக்காகச் சொல்லுங்கள்" என்றேன். மறுநாள் மூன்று மாணவர்கள் கடைத்தெருவில் உள்ள செல்போன் பழுது பார்க்கும் கடையில் விசாரித்துவிட்டு வந்தார்கள். சாதாரண போனுக்கு மாற்றும் பேட்டரி என்ன விலை, திரை என்ன விலை, சார்ஜர் என்ன விலை என்று நோட்டில் ஒரு பட்டியல். பேட்டரியில் மட்டுமே 251 ரூபாய் தீர்ந்துவிட்டது. கடை விலையில் லாபமும் உண்டு, ஆலையில் மொத்தமாக வாங்கினால் குறையும் என்று ஒரு மாணவி எடுத்துச் சொன்னாள். நல்ல மறுப்புதான். எல்லாவற்றையும் பாதியாக்கிப் பார்த்தார்கள். அப்போதும் கூட்டுத்தொகை 251-இன் பக்கம்கூட வரவில்லை.

அதன் பிறகுதான் நடந்ததைச் சொன்னேன். 2016 பிப்ரவரியில் நொய்டாவைச் சேர்ந்த ரிங்கிங் பெல்ஸ் என்ற நிறுவனம் 'ஃப்ரீடம் 251' என்ற பெயரில் இந்த போனை அறிவித்தது. முன்பதிவு தொடங்கியதும் கூட்டம் தாங்காமல் இணையதளம் முடங்கியது. பத்திரிகையாளர்களுக்குக் கொடுத்த மாதிரி போன்களில் 'ஆட்காம்' என்ற வேறொரு நிறுவனத்தின் பெயர் வெள்ளை மையால் மறைக்கப்பட்டிருந்தது. இப்படி ஒரு போனைச் சில ஆயிரம் ரூபாய்க்குக் கீழே விற்க வழியில்லை என்று கைபேசித் தொழில் துறையின் சங்கம் அரசுக்கு எழுதியது. 2017 பிப்ரவரியில் விநியோகஸ்தர் ஒருவரின் புகாரின்பேரில் நிறுவனத்தின் தலைவர் கைது செய்யப்பட்டார். 'வெள்ளை மை' என்றதும் வகுப்பு மறுபடி சிரித்தது. விடைத்தாளில் தப்பை மறைக்க அவர்கள் பயன்படுத்துவதும் அதைத்தானே!

அதே 2016-இன் இறுதியில் வந்த 2000 ரூபாய் நோட்டுக் கதையும் வகுப்புக்கு உதவியது. நோட்டுக்குள் 'நானோ ஜிபிஎஸ் சிப்' இருக்கிறது, பூமிக்கு அடியில் 120 மீட்டர் ஆழத்தில் புதைத்தாலும் செயற்கைக்கோள் கண்டுபிடித்துவிடும் என்ற செய்தி நாடு முழுக்கச் சுற்றியது. ரிசர்வ் வங்கி அறிவித்த பாதுகாப்பு அம்சங்களில் அப்படி எதுவும் இல்லை. இதற்கு எண்கூடத் தேவைப்படவில்லை. ஒரு மாணவன் எழுந்து, "எங்க வீட்டு ஓட்டுக்கடியிலேயே சிக்னல் வராது டீச்சர், 120 மீட்டருக்குக் கீழ எப்படி வரும்?" என்றான். இன்னொருத்தி, "பேட்டரி எங்க இருக்கு?" என்றாள். இந்த இரண்டு கேள்விகளையும் வைத்துக்கொண்டு, ஜிபிஎஸ் கருவி செயற்கைக்கோளிலிருந்து சைகையை வாங்க மட்டுமே செய்கிறது, தன் இருப்பிடத்தைத் தானாகத் திருப்பி அனுப்புவதில்லை, அனுப்ப வேண்டுமானால் தனி அலைபரப்பியும் மின்சாரமும் வேண்டும் என்பதை விளக்க எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

தராசும் மின்செருகியும்

இனி நேரடியாகப் பாடத்துக்கு. திருவிழாக் காலத்தில் நம் ஊர்க் கடைகளில் '5000 வாட் பிஎம்பிஓ' என்று அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்ட ஸ்பீக்கர்களைப் பார்த்திருப்பீர்கள். திறன் என்பது மின்னழுத்தம், மின்னோட்டம் இரண்டின் பெருக்கல். வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். 5000-ஐ 230-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 21.7 ஆம்பியர். சிறிய பிளக் தாங்குவது 6 ஆம்பியர், ஏசி மாட்டும் பெரிய பிளக் 16 ஆம்பியர். ஸ்பீக்கர் கேட்கும் மின்னோட்டம் அதையும் தாண்டுகிறது. அடுத்து, ஸ்பீக்கருடன் வந்த அடாப்டரின் அடியில் உள்ள பொடி எழுத்தைப் படிக்கச் சொன்னேன். 12 வோல்ட், 2 ஆம்பியர். ஆக 24 வாட். "மீதி 4976 வாட்டை எந்தச் சாமி டீச்சர் குடுக்குது?" என்ற கேள்வி பின்வரிசையிலிருந்து வந்தது. பிஎம்பிஓ என்பது இப்படித்தான் அளக்க வேண்டும் என்று எந்தத் தரநிர்ணயமும் வகுக்காத ஓர் எண். கணக்கைப் போட்ட பிறகு பிள்ளைகளுக்கு அதை நான் விளக்கவே தேவையிருக்கவில்லை.

பவர் பேங்க் கணக்கு இன்னும் சுவையானது. ஒரு மாணவனின் அண்ணன் வாங்கிய பவர் பேங்க்கில் 50,000 எம்ஏஎச் என்று அச்சிட்டிருந்தது. இந்த எண் உள்ளே இருக்கும் லித்தியம் மின்கலத்தின் 3.7 வோல்ட்டில் சொல்லப்படுவது. போனுக்குப் போவதோ 5 வோல்ட். ஆகவே உண்மையான 20,000 எம்ஏஎச் பவர் பேங்க்குகூட 5 வோல்ட்டில் 14,800-க்கு மேல் தர முடியாது, மாற்றும்போது வெப்பமாகப் போவது தனி. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. எந்த மின்னழுத்தத்தில் சொல்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். 50,000 எம்ஏஎச் என்றால் ஆற்றல் 185 வாட் மணி. விமானத்தில் வழக்கமாக 100 வாட் மணி வரைதான் அனுமதி. 160-க்கு மேல் கிடையவே கிடையாது. இதைக் கேட்ட ஒருவன், "இத விமானத்துல ஏத்துவாங்க டீச்சர். உள்ளதான் ஒண்ணும் இல்லையே!" என்றான்.

"ஒண்ணும் இல்லை என்று எப்படிச் சொல்வாய்? திறந்து பார்க்கக் கூடாது" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார்கள். எடை போடலாம் என்று ஒரு மாணவி சொன்னாள். விரல் அளவு உருளை வடிவ லித்தியம் மின்கலம் ஒன்று ஏறத்தாழ 45 கிராம் இருக்கும். அந்த அளவில் நல்ல தரமான மின்கலமே 3500 எம்ஏஎச் அளவுதான் கொள்ளும். 50,000-க்குக் குறைந்தது 15 மின்கலம் வேண்டும், 675 கிராம். ஆய்வகத் தராசில் வைத்தோம். மேலுறை, பலகை எல்லாம் சேர்த்து 240 கிராம். உள்ளே அதிகபட்சம் ஐந்து மின்கலத்துக்குத்தான் இடம் இருக்கிறது என்று திறக்காமலேயே முடிவாயிற்று. அந்த அண்ணன் இப்போது எதை வாங்கினாலும் கடையில் கையில் தூக்கிப் பார்க்கிறாராம்.

சிரிக்காமல் இருந்த மாணவி

ஒரு நாள் 'மின் சேமிப்புக் கருவி' பற்றிய விளம்பரத்தைக் காட்டினேன். பிளக்கில் செருகினால் போதும், மின் கட்டணம் 40 விழுக்காடு வரை குறையும் என்று சந்தைகளிலும் இணையத்திலும் விற்கிறார்களே, அதுதான். "கரண்ட்டை எடுத்துக்கிட்டு கரண்ட்டை மிச்சம் பண்ணுமா?" என்று வகுப்பே கொண்டாடியது. மூன்றாம் வரிசையில் ஒரு மாணவி மட்டும் குனிந்தபடி இருந்தாள். மாலையில் தனியாக வந்து சொன்னாள். தையல் வேலை செய்யும் அவள் அம்மா சந்தையில் அப்படி இரண்டு கருவிகள் வாங்கியிருந்தார். 1,200 ரூபாய். அது அவருக்கு ஒரு வாரத்துக்கும் மேலான உழைப்பு.

மறுநாள் வகுப்பில் அவளைப் பற்றி எதுவும் பேசவில்லை. பொதுவாக ஒரு விதி மட்டும் வைத்தேன். பொருளின் விளம்பரத்தைக் கிண்டல் செய்யலாம். வாங்கியவரைக் கிண்டல் செய்யக் கூடாது. வாங்கியவர் ஏன் நம்பினார் என்று கேட்பதும் ஆய்வில் ஒரு பகுதிதான். இதன் பிறகு அந்த மாணவியே, "எங்க வீட்டுலேயே சோதிச்சுப் பாக்கலாமா டீச்சர்?" என்று கேட்டாள். அவள் அம்மாவின் சம்மதத்தோடு ஒரு சனிக்கிழமை நானும் நான்கு மாணவிகளும் போனோம்.

சோதனை மிக எளிது, எந்தப் பள்ளியிலும் செய்யலாம். மின்னணு மீட்டரில் சிறிய சிவப்பு விளக்கு ஒன்று விட்டுவிட்டு மின்னும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்பது மீட்டர் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். அந்த வீட்டு மீட்டரில் 3200 என்றிருந்தது. ஃபிரிட்ஜ், டிவி உட்பட எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து எடுத்துவிட்டு ஒரே ஒரு மின்விசிறியை மட்டும் ஓடவிட்டோம். 75 வாட் மின்விசிறி பத்து நிமிடத்தில் 12.5 வாட் மணி எடுக்கும். 3200-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் 40 மின்னல். எண்ணும் வேலையை அந்த அம்மாவிடமே கொடுத்தோம். முதல் முறை கருவி இல்லாமல் 40. கருவிகள் இரண்டையும் செருகி 40. சந்தேகத்துக்கு இன்னொரு முறை, அப்போது 41.

"அப்ப போன தடவ பில்லு கொறஞ்சுதே டீச்சர்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டு ரசீதையும் எடுத்து வரச் சொன்னோம். ஒன்று கோடைக்கால இரண்டு மாதம், மற்றது மழைக்கால இரண்டு மாதம். மின்விசிறி ஓடிய நேரமே வேறு. தவிர, நம் கட்டணம் படிநிலையில் ஏறுவது. யூனிட் கொஞ்சம் குறைந்தாலும் கீழ்ப்படிக்கு வந்துவிட்டால் தொகை நிறையக் குறைந்ததாகத் தெரியும். கருவி விற்பவர் கோடை முடியும் நேரமாகப் பார்த்து வருவதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

இன்னொன்றையும் மாணவிகளுக்குச் சொன்னேன். அந்தக் கருவிக்குள் பெரும்பாலும் ஒரு மின்தேக்கியும் பச்சை விளக்கும்தான் இருக்கும். மின்தேக்கி திறன் காரணியைச் சீராக்கும் என்பது உண்மை. பெரிய தொழிற்சாலைகளுக்குக் கட்டணம் போடும் முறையில் திறன் காரணியும் கணக்கில் வருவதால் அங்கே மின்தேக்கி வைத்தால் செலவு குறையும். வீட்டு மீட்டர் உண்மையாகச் செலவான ஆற்றலை மட்டுமே எண்ணுகிறது. அதனால் இங்கே ஒரு மின்னல்கூடக் குறையாது. முழுப் பொய்யாக இருந்தால் சீக்கிரம் பிடிபடும். ஆலையில் உண்மையானதை வீட்டுக்குக் கொண்டுவந்து விற்பதால்தான் படித்தவர்களும் வாங்குகிறார்கள். அந்த அம்மா கருவிகளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "பச்சை லைட்டாவது எரியுது. நைட்டுல கண்ணு தெரிய இருக்கட்டும்" என்றார். அவர் சிரித்த பிறகுதான் மாணவிகள் சிரித்தார்கள்.

'வரை' என்றால் எவ்வளவு?

எங்கள் பள்ளித் தமிழாசிரியர் இதில் சேர்ந்துகொண்டது நல்லதாயிற்று. '40 விழுக்காடு வரை' என்பதில் உள்ள 'வரை' என்ற சொல்லை அவர் ஒரு பாடவேளை முழுக்க நடத்தினார். பூஜ்யமும் 40 வரைக்குள்தானே வருகிறது! 'முதல்' என்ற சொல்லும் அப்படித்தான். '9,999 ரூபாய் முதல்' என்றால் நாம் பார்க்கும் படத்தில் இருப்பது 9,999 ரூபாய்ப் பொருளாக இருக்க வேண்டியதில்லை. நட்சத்திரக் குறி, 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது', 'ஆய்வகச் சூழலில்', படத்துக்குக் கீழே 'மாதிரிப் படம்' என்ற பொடி எழுத்து ஆகியவற்றையும் தேடினார்கள். நாளிதழ் விளம்பரத்தைக் கத்தரித்து ஒட்டிச் சிவப்புப் பேனாவால் வட்டமிடுவதை நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளும் செய்யலாம். அருகிலுள்ள தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர் செய்து பார்த்து, பிள்ளைகள் பிஸ்கட் பாக்கெட்டைக்கூட விடுவதில்லை என்றார்.

எல்லாப் பொருளும் இயற்பியலை மீறுவதால் வேடிக்கையாவதில்லை. அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவில் 'ஜூசெரோ' என்ற பழச்சாறு இயந்திரம் 2016-இல் 699 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. நறுக்கிய பழங்கள் அடைத்த பையை உள்ளே வைத்தால் பிழிந்து தரும். வைஃபை இணைப்பும் வேண்டும். 2017-இல் புளூம்பெர்க் செய்தியாளர்கள் அந்தப் பையை வெறும் கையால் பிழிந்து காட்டினார்கள், சாறு வந்துவிட்டது. சில மாதங்களில் நிறுவனம் மூடப்பட்டது. இயந்திரம் சொன்னதைச் சொன்னபடி செய்தது. அது தேவைதானா என்பதுதான் கேள்வி. "எங்க ஆயாவுக்கு வைஃபை வேணாம் டீச்சர்" என்று முடித்துவிட்டார்கள் பிள்ளைகள்.

ஆனால் ஒரு மாதத்தில் பிள்ளைகள் எதைக் காட்டினாலும் 'டுபாக்கூர்' என்று சொல்லத் தொடங்கினார்கள். அது எனக்கு உவப்பாக இல்லை. எதையும் நம்பாமல் இருப்பதற்கும் எதையும் நம்பிவிடுவதற்கும் ஒரே அளவு உழைப்புதான் தேவை, அதாவது எதுவும் தேவையில்லை. ஆகவே வேறொரு போனைக் கரும்பலகையில் எழுதினேன். விசைப்பலகை கிடையாது, 2 மெகாபிக்சல் கேமரா, வீடியோ எடுக்க முடியாது, செல்ஃபி கேமரா இல்லை, எழுதியதை நகலெடுத்து ஒட்டவும் முடியாது, விலை 499 டாலர். வழக்கம்போல் சிரிப்பு. "இத எவன் வாங்குவான்?" அது 2007-இல் வந்த முதல் ஐபோன். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மரும் அதன் விலையையும் விசைப்பலகை இல்லாததையும் சொல்லி ஒரு பேட்டியில் வாய்விட்டுச் சிரித்தார். இந்தச் செய்தியில் எந்த எண் இடிக்கிறது என்று தேடச் சொன்னேன். திறன் இடிக்கவில்லை, எடை இடிக்கவில்லை, பொருளின் செலவும் விலையும் இடிக்கவில்லை. பழக்கமில்லாதது என்பதைத் தவிர அவர்களிடம் வேறு காரணம் இல்லை.

1 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கைக் கணினியில் செருகினால் 931 ஜிபி என்று காட்டுவதும் இதே வகை. "69 ஜிபி திருடிட்டான்!" என்று கூவினார்கள். தயாரிப்பவர் ஆயிரத்தின் அடுக்கில் எண்ணுகிறார், கணினி 1024-இன் அடுக்கில் எண்ணுகிறது. பத்தின் அடுக்கு 12-ஐ 1024-இன் மூன்றாம் அடுக்கால் வகுத்துப் பார்த்தார்கள். 931 வந்தது. திருட்டுக் குற்றச்சாட்டு திரும்பப் பெறப்பட்டது. 299 ரூபாய் 2 டெராபைட் பென்டிரைவ் மட்டும் இன்னும் விசாரணையில் இருக்கிறது. அதைச் சோதிக்க முழுவதும் நிரப்பித் திரும்பப் படித்துப் பார்க்க வேண்டும். எங்கள் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் அதற்கு நேரம் ஒதுக்கக் கேட்டிருக்கிறேன்.

வேடிக்கையே செய்தியாகிவிடும் ஆபத்தும் உண்டு. 2014-இல் ஐபோனின் புதிய மென்பொருள் வந்தபோது, இனி மைக்ரோவேவ் அடுப்பில் வைத்து சார்ஜ் செய்யலாம் என்று அச்சு அசலாக நிறுவன விளம்பரம் போலவே ஒரு படத்தை யாரோ செய்து பரப்பினார்கள். 2016-இல் ஹெட்போன் துளை இல்லாத ஐபோன் வந்தபோது, துளைப்பானால் ஓட்டை போட்டால் உள்ளே துளை இருக்கும் என்று ஒரு நையாண்டி வீடியோ வந்தது. இரண்டையும் நம்பிச் சிலர் போனைக் கெடுத்துக்கொண்டதாகச் செய்திகள் வந்தன. பிள்ளைகள் தாங்களே கேலியாகச் செய்த போலி விளம்பரங்களை வகுப்புக் குழுவில் அனுப்ப ஆரம்பித்தபோது இதைச் சொன்னேன். இப்போது அப்படிச் செய்வதில் பெரிதாக 'கற்பனை' என்று எழுதிவிடுகிறார்கள்.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். லித்தியம் மின்கலம் உள்ள எதையும் மாணவர்கள் திறக்கவோ துளைக்கவோ விடாதீர்கள். உப்பிய பேட்டரி கொண்ட பொருள் வந்தால் வகுப்புக்குள் வைக்க வேண்டாம். மீட்டரை எட்ட நின்று பார்த்தால் போதும், தொடத் தேவையில்லை. செல்போனை மாணவர்கள் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டிய அவசியமும் இதில் இல்லை. நாளிதழ் விளம்பரம், காலி அட்டைப்பெட்டி, அடாப்டர், தராசு, கடிகாரம் இருந்தால் போதும். வாரத்துக்கு ஒரு செய்தி, இருபது நிமிடம். முதல் ஐந்து நிமிடத்தைச் சிரிப்புக்கு விட்டுவிடுங்கள். அதைக் குறைத்தால் மீதிப் பதினைந்து நிமிடம் நகராது.